ஆமைக் காரின் ஒயில் கூலர்: தொழில் பழக வரும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்

நல்லூர்க் கொடியேற்றம் கிட்ட வந்தால் எங்கள் கராஜுக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "ஐயா, அப்பாவின்ரை கார் கொட்டிலுக்குள்ளை நிக்குது. திருவிழாவுக்கு வாறம். ஒருக்கா ஓடப் பண்ணித் தருவியளோ?" கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கேட்கும் குரல். கொட்டிலைத் திறந்தால் அநேகமாக மொறிஸ் மைனர் நிற்கும், இல்லாவிட்டால் ஒஸ்ரின். எப்போதாவது ஒரு வொக்ஸ்வாகன் பீட்டில். சிங்களத்தில் அதை 'இப்பா' என்பார்கள், ஆமை என்று பொருள். எங்கள் கராஜிலும் அது ஆமைக் கார்தான்.

மொறிஸ் மைனரைத் திருத்தத் தெரிந்த கைகள் இன்னும் ஊரில் உண்டு. ஆமைக் காரின் முன் பலர் தயங்கி நிற்கிறார்கள். அதற்கு றேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. என்ஜின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஒயில் கூலரோ விசிறிக் கூட்டின் தகரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. அதைக் கழற்றுவது எப்படி என்று என்னிடம் பழக வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கழற்றும் விதத்தைச் சொல்கிறேன். அதோடு, ஏன் கழற்றுகிறோம் என்ற கேள்வியைக் கடைசி வரைக்கும் கையில் பிடித்திருக்கவும் சொல்கிறேன்.

1. வேலையை விளங்கிக்கொண்டு ஸ்பனரைத் தொடுங்கள்.

இந்த என்ஜினைக் குளிர வைப்பவை இரண்டு: விசிறி தள்ளும் காற்று, உள்ளே சுற்றும் ஒயில். பம்ப் அனுப்பும் ஒயில் கூலருக்குள் போய், சூட்டை இறக்கி வைத்துவிட்டு பெயறிங்குகளுக்குப் போகிறது. முழு என்ஜினுக்கும் இரண்டரை லீற்றர் ஒயில்தான். அந்தச் சின்ன அளவு ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். பழைய மாதிரிகளில் கூலர் இடது பக்கத்தில், விசிறிக் கூட்டுக்கு உள்ளேயே நிமிர்ந்து நிற்கும். கீழே இருக்கும் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை அது மறிக்கும். அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடுவதும், அதன் வால்வ் முதலில் கருகுவதும் இதனால்தான். 1971ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து கூலரை முன்னே தள்ளி, அதற்கென்று ஒரு தனித் தகரக் கூடும் தனிக் காற்று வழியும் கொடுத்தார்கள். உங்கள் முன் நிற்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். பிற்பாடு வாங்கவேண்டிய ஒவ்வொரு சாமானும் அதைப் பொறுத்தது.

2. ஒழுக்கு எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள்.

காருக்குக் கீழே ஒயில் கிடந்தால் உடனே கூலரில் பழி போடாதீர்கள். ஆமைக் காரில் ஒயில் ஒழுகும் இடங்கள் பல. புஷ்றொட் குழாய்களின் சீல், வால்வ் மூடியின் கஸ்கெட், ஒயில் பிறஷர் சுவிட்ச், பம்ப் மூடி எல்லாம் கூலருக்குக் கிட்டத்தான் இருக்கின்றன. விசிறிக் காற்று ஒயிலை ஊதி எல்லா இடமும் பூசிவிடும். அதனால் முதலில் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு என்ஜினை வடிவாகக் கழுவித் துடையுங்கள். நன்றாகக் காயவிட்டுப் பத்து நிமிடம் ஓட விட்டு, டோர்ச் அடித்துப் பாருங்கள். இடது பக்கம், மூன்றாம் நாலாம் சிலிண்டர்களுக்கு மேலிருந்து புது ஒயில் இறங்கி வந்தால் கூலரையோ அதன் சீலையோ சந்தேகிக்கலாம். சொட்டுச் சொட்டாய் வந்தால் அநேகமாகச் சீல். வாய்க்காலாய் வந்தால் கூலர் வெடித்திருக்கிறது. அப்படிக் கண்டால் அந்த நொடியே என்ஜினை நிறுத்துங்கள்.

3. பற்றறியும் பெற்றோலும் முதலில்.

பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கி முன்னால், என்ஜின் பின்னால். இடையில் வரும் பெற்றோல் என்ஜினுக்குக் கிட்ட ஒரு சின்னக் குழாயால் போகிறது. எங்கள் வெயிலுக்கு அந்தக் குழாய் காய்ந்து வெடித்துவிடும். ஆமைக் கார்கள் எரிந்துபோன கதைகளில் பாதிக்கு அந்தக் குழாய்தான் காரணமாய் இருக்கும். அதை இறுக்கி அடைத்துவிட்டுக் கழற்றுங்கள், திரும்பப் பூட்டும்போது புதுக் குழாய் போடுங்கள். என்ஜினின் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. தீப் பிடித்தால் தண்ணீருக்கு அடங்காது, தண்ணீர் பட்டால் இன்னும் மூர்க்கமாய் எரியும். பீடியும் வெல்டிங்கும் அந்த இடத்துக்குக் கிட்டவும் வரக்கூடாது.

4. என்ஜினை இறக்குவதற்குப் பஞ்சிப்படாதீர்கள்.

என்ஜின் காருக்குள் இருக்கும்போதே விசிறிக் கூட்டைத் தூக்கிக் கூலரை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது முடியும். ஆனால் பழகுகிற கைக்கு நான் அதைச் சொல்லித்தர மாட்டேன். இடமில்லாத இடத்தில் நெருக்கினால் தகரம் வளையும், சீல் நெளியும். வளைந்த தகரத்தின் வழியே காற்று தப்பிப் போய்விடும். இந்த என்ஜினை உடலோடு பிடித்திருப்பவை நாலே நாலு இடங்கள், பதினேழாம் நம்பர் ஸ்பனர். அதற்கு முன் டைனமோ வயர், கொயில் வயர், ஒயில் சுவிட்ச் வயர், அக்ஸிலரேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள்களும் குழாய்களும் என்று ஒவ்வொன்றாய் விடுவியுங்கள். காரின் பின்பக்கத்தை நன்றாக உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். செங்கல்லையோ தேங்காய்க் குற்றியையோ நம்பி ஒருவரும் காருக்குக் கீழே போகக்கூடாது. என்ஜின் நூறு கிலோவுக்கு மேல் வரும், இரண்டு பேர் வேண்டும். ஜாக்கை நடுவில் வைத்து, மட்டமாகப் பின்னே இழுத்து, கியர்ப்பெட்டியின் தண்டு முழுதாய் விடுபட்ட பிறகுதான் இறக்கவேண்டும். தண்டில் என்ஜினின் பாரத்தைத் தொங்கவிட்டால் கிளட்ச் தட்டு கெட்டுவிடும்.

5. சாக்கை விரியுங்கள்.

என் ஆசான் வேலை தொடங்குமுன் ஒரு சணல் சாக்கை உதறி நிலத்தில் விரிப்பார். கழற்றியது எல்லாம் கழற்றிய ஒழுங்கிலே இடமிருந்து வலமாக அந்தச் சாக்கில் இருக்கும். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுப்பார். முடிவில் சாக்கு வெறுமையாய் இருக்கவேண்டும். ஒரு வாசர் மிஞ்சினாலும் திரும்பக் கழற்றச் சொல்லுவார். இன்று உங்களிடம் கைபேசி இருக்கிறது, ஒவ்வொரு படியிலும் படம் எடுங்கள், நல்லது. ஆனாலும் சாக்கை விரியுங்கள். எந்த நட் சுகமாய்க் கழன்றது, எது முரண்டு பிடித்தது என்பதைக் கைதான் நினைவில் வைத்திருக்கும்.

6. வடித்த ஒயிலோடு கொஞ்ச நேரம் இருங்கள்.

என்ஜினின் அடியில் வட்டத் தகடு ஒன்று, ஆறு சின்ன நட்டுகளோடு இருக்கும். அதற்கு மேலே கம்பி வலைச் சல்லடை. வேறு பில்டர் இந்த என்ஜினுக்கு இல்லை. ஒயிலைச் சுத்தமான தாச்சியில் வடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுங்கும் துகள்கள் இருந்தால் பெயறிங் தேய்கிறது. அந்த என்ஜினுக்குக் கூலரை மட்டும் மாற்றிக் கொடுப்பது உரிமையாளரை ஏமாற்றுவது.

மணந்தும் பாருங்கள். இதை எங்களுக்குப் படிப்பித்தது ஒரு கொடிய காலம். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஆமைக் காரென்றால் பின்னுக்கு ஒரு பெடியன் சின்னப் போத்தலோடு நிற்பான், முன்னுக்கு ஒருவர் சாவியைத் திருப்புவார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். குச்சியில் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாய்க் கூடும்! ஊற்றாத ஒயில் கூடினால் சந்தோசப்படாதே, மணந்து பார் என்று அப்போது பழகியவர்களுக்குச் சொல்லுவேன். இன்றைக்கும் பெற்றோல் பம்பின் தோல் கிழிந்தால் இதே கதைதான். ஒயில் தண்ணியாய்ப் போய்விட்டால் எந்தக் கூலராலும் என்ஜினைக் காப்பாற்ற முடியாது.

7. விசிறிக் கூட்டைத் தூக்கியதும் கைகளைக் கட்டிக்கொண்டு பாருங்கள்.

காபரேட்டரை எடுத்து, அது இருந்த வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். டைனமோவின் பட்டியைத் தளர்த்தி, தேர்மோஸ்டாற்றின் போல்டை விடுவித்து, கூட்டின் இரண்டு பக்கத்து ஸ்குரூக்களையும் எடுத்தால் கூடும் டைனமோவும் சேர்ந்து மேலே வரும். இப்போது கூலரை உடனே தொடாதீர்கள். பல வருடம் கொட்டிலில் நின்ற காரில் அணிலும் எலியும் தும்புக் கூடு கட்டியிருக்கும். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துக் காரென்றால் செம்மண் தூசி ஒயிலோடு குழைந்து, கூலரின் செதில்களுக்கு இடையே சுவராய் நிற்கும். பருத்தித்துறை, ஊர்காவற்றுறைக் காரென்றால் உப்புக் காற்று தகரத்தைத் தின்றிருக்கும். கூலர் கெட்டதற்கான காரணத்தில் பாதி இந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரியும். துடைத்துவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

8. கழற்றுவது மூன்றே மூன்று நட்.

பத்தாம் நம்பர் ஸ்பனர். அவ்வளவுதான். இவ்வளவு தூரம் வந்தது இந்த மூன்று நட்டுக்காகத்தான். கறள் பிடித்திருந்தால் துருநீக்கி ஒயில் விட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அவசரப்பட்டு முறுக்கினால் மென்மையான அந்த உலோகத்திலிருந்து ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வரும், அரை நாள் வேலை மூன்று நாள் ஆகும். கூலரைத் தூக்கும்போது உள்ளே மிஞ்சிய ஒயில் வழியும், துணி பிடியுங்கள். தூக்கியவுடன் என்ஜினில் தெரியும் இரண்டு துவாரங்களையும் மூடுங்கள். அதற்குள் விழும் ஒரு மணல் நேரே பெயறிங்குக்குப் போகும்.

9. கூலரைக் கொன்றது யார் என்று கேளுங்கள்.

இந்த அறிவுரைக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன்.

என்ஜினின் அடியில், இடது பக்கத்தில், அகன்ற வெட்டுள்ள பெரிய ஸ்குரூ ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு சுருளும் ஒரு சின்னப் பிளஞ்சரும். ஒயில் குளிர்ந்து தடிப்பாய் இருக்கும் காலையில் அழுத்தம் கூடும். அப்போது பிளஞ்சர் கீழே இறங்கி, கூலரைத் தொடாமல் ஒயில் போக வழிவிடும். ஒயில் சூடானதும் மேலே எழும்பி, கூலர் வழியாய் அனுப்பும். அந்தப் பிளஞ்சர் மேலே இறுகிவிட்டால் குளிர்ந்த ஒயிலின் முழு அழுத்தமும் கூலரில் இடிக்கும், கூலர் வெடிக்கும். கீழே இறுகிவிட்டால் ஒயில் கூலருக்குப் போகாது, என்ஜின் வெந்துபோகும். 1970க்குப் பிந்திய என்ஜின்களில் இப்படி இரண்டு இருக்கும், இரண்டையும் பாருங்கள். ஸ்குரூவை எடுத்தால் பிளஞ்சர் தானாக விழவேண்டும். விழாவிட்டால் அதுதான் குற்றவாளி. பக்குவமாய் வெளியே எடுத்து, கீறலிருந்தால் மெல்லிய அரத்தாளால் தேய்த்து, விரலால் தள்ளினாலே வழுக்கி ஓடும்படி செய்யுங்கள். தேறாவிட்டால் புதிது போடுங்கள்.

நான் தனியாய்த் தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம் ஒரு வாத்தியாரின் ஆமைக் கார் வந்தது. கூலர் வெடித்திருந்தது. புதுக் கூலர் போட்டேன், சீல் போட்டேன், கழுவித் துடைத்துக் கொடுத்தேன். பிளஞ்சரைப் பார்க்கவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு விடியற்காலை, கைதடி வெளியில் புதுக் கூலரும் வெடித்தது. அடுத்த சந்தி வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று அவர் நினைத்தார். என்ஜின் இறுகி நின்றது. அவர் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. என் செலவில் என்ஜினைக் கட்டிக் கொடுத்தேன், முடிக்க நாலு மாதம் சென்றது. பாகத்தை மாற்றுபவனுக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் உள்ள தூரம் எவ்வளவு என்று அந்த நாலு மாதத்தில் விளங்கியது.

10. பழைய கூலரைச் சோதித்து முடிவெடுங்கள்.

வெளியே கழுவி, உள்ளே மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி, தெளிந்து வரும் வரைக்கும் ஊற்றுங்கள். பிறகு ரயர்க் கடைக்குக் கொண்டுபோய், ஒரு வாயை அடைத்து மற்ற வாயால் அளவாய்க் காற்றுக் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்துங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குமிழி வந்தால் கூலர் முடிந்தது. பெயறிங் உடைந்த என்ஜினின் கூலரை எவ்வளவு கழுவினாலும் நம்பாதீர்கள். உலோகத் துகள் மடிப்புகளுக்குள் ஒளிந்திருந்து, புது பெயறிங்கையும் தின்றுவிடும். கூலரை எடுத்துவிட்டு வாயைத் தகட்டால் அடைத்து ஓட்டலாம் என்று யோசனை சொல்பவர்களும் வருவார்கள். எங்கள் வெயிலில் அது என்ஜினுக்கு எழுதிக் கொடுக்கும் மரண சாசனம்.

11. றபர் சீலில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கூலருக்கும் என்ஜினுக்கும் நடுவே இரண்டு சின்ன றபர் சீல்கள் இருக்கும். தனிக் கூடுள்ள பிந்திய மாதிரியில் நடுவே ஒரு தாங்கி வருவதால் நாலு சீல். பழைய என்ஜின்களில் ஒயில் துவாரம் 8 மில்லிமீற்றர், பிந்தியவற்றில் 10 மில்லிமீற்றர். சீலும் அதற்கேற்ப வேறு. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், பிழையானதைப் போட்டால் முதல் நாளே ஒழுகும். அளந்து வாங்குங்கள். மெக்சிக்கோவின் புவெப்லா ஆலையில் கடைசி ஆமைக் கார் வெளிவந்தது 2003 ஜூலை 30ஆம் திகதி. அதற்குள் உலகத்தில் இரண்டு கோடிக்கு மேல் செய்துவிட்டார்கள். அதனால் சாமான் இன்னும் கிடைக்கிறது. கொழும்பில் இல்லாவிட்டால் கார்க்காரரையே வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். நட்டுகளை இறுக்கும்போது கட்டை ஸ்பனர், மணிக்கட்டின் பலம் மட்டும். மூன்றையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாய் இறுக்குங்கள். கூட்டைத் திரும்ப வைக்கும்போது கூலரைச் சுற்றியுள்ள தகரங்களில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். வேண்டாத தகரம் என்று இந்த என்ஜினில் எதுவும் இல்லை.

12. விளக்கை நம்புங்கள்.

எல்லாம் பூட்டி, புது ஒயில் ஊற்றியதும் நேரே ஸ்ராட் பண்ணாதீர்கள். கொயில் வயரைக் கழற்றி வைத்து, ஒயில் விளக்கு அணையும் வரைக்கும் ஸ்ராட்டரால் விட்டு விட்டுச் சுற்றுங்கள். பிறகு ஓடவிட்டு, ஒழுக்குப் பார்த்து, நிறுத்தி மட்டம் பாருங்கள். காரைக் கொடுக்கும்போது உரிமையாளருக்கு ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்து.

1995 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு, நாங்களும் ஒரு ஆமைக் காரோடு நாவற்குழிப் பாதையில் நின்றோம். உள்ளே வயதானவர்கள். சனத்துக்கு நடுவே அடி அடியாய் ஊர்ந்ததில் மண்ணெண்ணெய் கலந்த ஒயில் கொதித்துத் தண்ணியாகி, விளக்கு மினுங்கத் தொடங்கியது. என்ஜினை நிறுத்தச் சொன்னேன். விடியும் வரைக்கும் மழையில் தள்ளிக்கொண்டு போனோம். அந்த என்ஜின் பிறகும் பல வருடம் ஓடியது. அந்த இரவிலேயே நிறுத்த முடிந்ததென்றால், எந்த அவசரத்திலும் நிறுத்தலாம்.

13. வடித்த ஒயிலுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

வேலை முடிந்தது என்று தாச்சியைத் தூக்கி வேலி ஓரத்தில் ஊற்றாதீர்கள். கறையானுக்கு நல்லதென்று வேலிக் கதியாலுக்கும் மரத்துக்கும் பூசிய பழக்கம் எங்கள் காலத்தோடு போகட்டும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அதன் வெடிப்புகளில் தேங்கும் மழைத் தண்ணீர், அதைத் தொடும் கிணறுகள். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதே தண்ணீர். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2019இல் தீர்ப்பானது. அந்தப் பக்கத்துச் சனம் பவுசரில் வந்த தண்ணீருக்கு வாளியோடு நின்றதை நாங்கள் கண்டோம். உங்கள் தாச்சியில் இருப்பது இரண்டரை லீற்றர்தான். அதையும் மூடியுள்ள கானில் சேர்த்து, பழைய ஒயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள். துடைத்த துணியைக் கிணற்றடியில் தோய்க்காதீர்கள்.

பிள்ளைகளே, திருவிழாவுக்கு வருகிறவர் அப்பாவின் காரில் ஏறி உட்கார்ந்து, பழைய மணத்தை இழுத்துவிட்டு, பேசாமல் கொஞ்ச நேரம் இருப்பார். அவரைக் குழப்பாதீர்கள். அவர் சாவியைத் திருப்பும்போது ஒயில் விளக்கு அணைகிறதா என்று மட்டும் தள்ளி நின்று பாருங்கள். அணைந்ததும் சாக்கை உதறி மடித்து வையுங்கள். அடுத்த காருக்கு அது வேண்டும்.